உயிரில்லாததை மட்டும் எடு

மச்சான் சவூதியிலிருந்து எனக்கென்று ஒரு கமரா அனுப்பியபோது வாப்பா அதைக் கையால் தொடவே இல்லை. மச்சான் என்றது என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளையை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் வந்து இருப்பான். அதனால் வாப்பா, உம்மா, ராத்தா, அவளுடைய சின்ன மகள், நான் என்று எல்லாரும் கல்முனையில் ஒரே வளவுக்குள் இருந்தோம். வந்து இருக்க வேண்டிய மச்சான் மட்டும் அங்கே இல்லை.

“உசிருள்ள ஒண்டயும் இதால எடுக்கப்படாது,” என்றார் வாப்பா. “மறுமையில அதுக்கு உசிரக் குடு எண்டு படச்சவன் கேட்டா என்ன செய்யப் போறாய்?”

பாஸ்போட்டுக்கு எடுப்பது பரவாயில்லையாம். மற்றபடி மனிதர் வேண்டாம், மாடு வேண்டாம், காகம்கூட வேண்டாம். கலியாணமாகாத இளந்தாரி கையில் கமராவை வைத்துக்கொண்டு வேறு எதைத்தான் எடுப்பது? கடலை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஒரே கடலாக இருந்தது. அப்படியே போய் நெல்லறைகளில் விழுந்தேன். வீட்டார் பேசிக் கட்டிவைத்த பெண்மேல் பிறகு ஆசை வருமே, அந்த மாதிரி.

அந்த நாளில் வயல் வைத்திருந்தவர்களின் வளவுக்குப் பின்னால் குட்டை மரக்கால்களின் மேல் தனியாக ஒரு நெல்லறை நிற்கும். கம்பு கட்டிக் களிமண் அப்பிய சுவர். வாசலில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். நெல் குறையக் குறைய மேல் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு வருவார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கல்வீட்டு ஓடுகளெல்லாம் பறந்தபோதும் இவற்றில் பல சற்றுச் சாய்ந்ததோடு நின்றுவிட்டன. அந்தச் சாய்வுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் பக்கவாட்டில் விழும்போது, மண் பூசியவரின் விரல் தடம் சுவரில் வரிவரியாகத் தெரியும். விரல் தடம் உயிருள்ளதில் சேருமா என்று வாப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

சைக்கிளில் நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று அலைந்தேன். நெல்லறைக்காரர்கள் லேசில் விடமாட்டார்கள். நிறைந்திருக்கும்போது போனால், “இப்ப எடுக்காதீங்க தம்பி, கண்ணூறு பட்டிரும்.” சரியென்று காலியானபிறகு போனால், “வெறும் அறயக் காட்டி எங்கட மானத்த வாங்கவா?” ஆகவே யார் வீட்டு நெல் எப்போது பாதிக்கு வரும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஊரில் என்னைக் கள்ளன் என்று நினைக்காததே பெரிய காரியம்.

மச்சான் கசெட்டில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருகிற யாராவது அதைக் கொண்டுவந்து தருவார்கள். வீட்டு முன்னறையில் டேப் ரெக்கோடரை நடுவில் வைத்து, வாப்பா முன்னால் இருக்க, பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கேட்பார்கள். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். எல்லாருக்கும் பேர் பேராக ஸலாம் சொல்லி முடித்துக் கடைசியாக, “புள்ளைட உம்மாக்கும் ஸலாம்” என்று வரும். அவ்வளவுதான். தகப்பனைக் கண்டே இராத அந்தப் பிள்ளை டேப் ரெக்கோடருக்கு முத்தம் கொடுக்கும்.

வருவதாகச் சொன்ன மச்சான் வேலையை நீட்டிக்கொண்டார். ஒரு முறையல்ல, இரண்டு முறை. போனவன் அங்கேயே ஒன்றைப் பார்த்துக்கொண்டான் என்று ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் ராத்தா மீன் அரிந்துகொண்டே கேட்டாள்.

“தம்பி, அவருக்கு என்ட முகம் இன்னும் ஞாபகத்தில இரிக்குமா?”

அவளுடைய படம் ஒன்றுகூட மச்சானிடம் கிடையாது. கலியாணத்திலும் வாப்பா எடுக்க விடவில்லை.

அடுத்த வாரம் அவளே வந்தாள். “ஊரெல்லாம் போய் எடுக்கிறாய். நம்மட நெல்லறைய எடுத்து மச்சானுக்கு அனுப்பு. இப்ப பாதிதான் இரிக்கி.”

அஸர் வெயிலில் கமராவோடு போய் நின்றேன். “நான் நெல்லு அள்ளப் போறன். நீ உன்ட வேலயப் பார்,” என்று சொல்லிவிட்டு ஏறி உள்ளே போனாள். நான் கண்ணை வைத்துப் பார்த்தபோது, பலகைகளுக்கு மேலே, வாசலின் இருட்டில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக என்னைப் பார்த்தபடி நின்றாள். கையில் நெல் அள்ளுகிற ஓலைப்பெட்டியும் இல்லை, நெல்லும் இல்லை. அப்படியே எடுத்தேன். அவள் வெறுங்கையோடு இறங்கிப் போனாள்.

கழுவி வந்த படத்தை வாப்பா கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். அவருக்குக் கண் மங்கலாக இருந்தது.

“வடிவா இரிக்கி. உசிருள்ளது ஒண்டுமில்லயே?”

“நம்மட நெல்லறை வாப்பா,” என்றேன்.

படம் போனது. நெடுநாள் கழித்துக் கசெட் வந்தது. அன்றைக்கு ராத்தா புதுச் சேலை உடுத்திருந்தாள். மச்சான் கதைத்தார், கதைத்தார், அரைவாசிக் கசெட்டும் நெல்லறைதான். பின் கால் ஒன்றில் கறையான் ஏறியிருக்கிறதாம். கூரையில் கிழக்குப் பக்கத்துத் தென்னோலைக் கிடுகை மாற்ற வேண்டுமாம். வாப்பா, “பாத்தியா, எவ்வளவு கவனமாப் பாத்திரிக்கார்,” என்று தலையாட்டினார். அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்கமான ஸலாம் வருவதற்குள் ராத்தா குசினிக்குப் போய்விட்டாள். எனக்கு மச்சான்மேல் வந்த கோபத்தில் கமராவையே கிணற்றுக்குள் போட்டிருப்பேன். கறையானைக் கண்டவனுக்குப் பெண்டாட்டியைத் தெரியவில்லையா?

அதற்கடுத்த நோன்புக்கு மச்சான் லீவில் வந்தார். நான் ஸலாமோடு நிறுத்திக்கொண்டேன். வந்த மறுநாள் காலை ராத்தா அவருடைய சேட்டைத் துவைக்கக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். சேட்டுப் பையில் இருந்ததை ஈரக் கையில் படாமல் விரல் நுனியில் பிடித்திருந்தாள். பாஸ்போட் படத்தின் அளவில் கத்தரித்த ஒரு துண்டு, ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. கூரையும் இல்லை, காலும் இல்லை, நான் வெயில் பார்த்துக் காத்திருந்து எடுத்த மண்சுவரும் இல்லை. ஒரு பலகையும் அவள் முகமும்தான் இருந்தன.

“உன்ட நெல்லறைய வெட்டிப் போட்டுட்டார் தம்பி,” என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.