முத்துசாமியின் ‘கேன்’

முத்துசாமிக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொன்னால் அவரே சிரிப்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல், ‘கேன்’, அதாவது ‘முடியும்’. அதை வைத்துக்கொண்டே ஜாலான் புசாரில் இருபத்தாறு வருடமாகக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விட்டு வந்தார். பக்கத்து ஹார்டுவேர் கடையில் திருகாணி விற்கும் எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆர்டர் கொடுக்க வந்தவரிடம் “கேன் லா” என்பார். அவசரப்படுத்தினால் “கேன், கேன்.” என்னைக் காப்பிக்குக் கூப்பிட வேண்டுமா, புருவத்தைத் தூக்கி ஒரு “கேன்?” லாரி பின்னால் வரும்போதும் கையை ஆட்டி அதையேதான் சொல்வார். நிறுத்த வேண்டிய இடத்திலும் அதையே சொல்லி ஒருமுறை என் கடைக் கதவை நசுக்கினார். அதற்கு எதிர்ச்சொல் மட்டும் அவர் வாயில் வந்ததில்லை. சாவு வீட்டிலிருந்து போன் வந்தால் விவரம் கேட்கும் முன்பே ‘கேன்’ சொல்லிவிடுவார். அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

போன வருடம் அவர் மகள் கவிப்ரியாவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், புதன்கிழமையே பந்தக்கால் நட்டாயிற்று. அதன்பிறகு கல்யாண வீட்டார் சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. மனைவி கமலம் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

வியாழன் காலை கபீர் பாயின் மகன் அர்ஃபான் போன் செய்தான். முத்துசாமி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“அண்ணே, வாப்பா மௌத்தாயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கப்புறம் அடக்கம். குவீன்ஸ்டவுன் வீட்டு புளோக் கீழ நூறு நாற்காலி போடணும். கேன் ஆ?”

அந்தக் கபீர் பாய்தான், நாற்பது நாற்காலியோடு தொழில் தொடங்கிய முத்துசாமிக்கு முதல் ஆர்டர் கொடுத்தவர். வேலையாட்கள் இருவரும் லாரியோடு வேறிடத்தில் இருந்தார்கள். போனால் அவரேதான் போகவேண்டும்.

“நீங்க போகக்கூடாது, சொல்லிட்டேன்,” என்றார் பக்கத்தில் நின்ற கமலம். “புள்ள கல்யாணம்.”

முத்துசாமி என்னைப் பார்த்தார். நான் திருகாணி டப்பாவைப் பார்த்தேன்.

“கேன்னாட், தம்பி. வீட்ல கால் நட்டாச்சு.”

“பரவால்லண்ணே, கல்யாண வீடாச்சே. ஸ்டோர் சாவிய மட்டும் குடுங்க, நாங்களே எடுத்துக்கறோம்.”

அரைமணி நேரத்தில் வந்தான். அப்பாவைப் பறிகொடுத்தவன், யாரோ கொடுத்த வேனில் நூறு நாற்காலியையும் தன் கையாலேயே ஏற்றினான். முத்துசாமி எழுந்து போய் இரண்டைத் தூக்கினார். கமலம் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டார். எனக்கு இருவர்மேலும் எரிச்சல் வந்தது. நானாவது போனேனா? கடையில் வேறு ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலமே நாற்காலிகள் திரும்பின. ஒவ்வொன்றையும் துடைத்து அடுக்கியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கும் வந்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான், மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினான். அவன் விடைபெற வந்தபோது முத்துசாமி யாரையோ தேடுகிறவர்போல மண்டபத்துக்குள் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் செஞ்சது தப்பா?”

கல்யாண வீட்டில் சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

“தப்புதான்,” என்றேன்.

“தெரியும்,” என்றார். “அன்னிக்குப் போனை வைக்கறதுக்கு முன்னாடியே தெரியும்.”