ஐந்தா, ஐந்தரையா

ஸ்டெல்லா, அருள், பீட்டர், மூன்று பேரும் இதைப் படியுங்கள். அப்பா கார் ரேஸில் போனவர் என்று நீங்கள் தெருப் பிள்ளைகளிடம் அளந்துவிடுவதாக அம்மா சொன்னாள். போனது உண்மை. ஆனால் ஓட்டியது நான் இல்லை. கண்ணையும் மூடிக்கொண்டிருந்தேன். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இனி அளப்பதானால் இதைப் பார்த்து அளக்கவும்.

ஜாக்கி மேல்

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் காதர் பாய் டயர் கடையில் வேலை எனக்கு. கடைக்கு முன்பக்கம் கார், பின்பக்கம் லாரி. கார் பக்கம் கூரை உண்டு, உட்கார முக்காலி உண்டு. லாரி பக்கம் வெயிலும் சம்மட்டியும்தான். லாரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் இருக்கும். அது சரியாக உட்காராமல் காற்றடித்தால் எகிறி வந்து ஆளை அடிக்கும். மூன்று வருஷம் அங்கே கிடந்துவிட்டு, முன்பக்கம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் உங்கள் அம்மா வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். "பையன் கார் பக்கம்" என்று சொல்லித்தான் பேச்சே ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை காலை நாயுடு சார் வந்தார். துறைமுக ஆபீஸில் கிளார்க். ஊருக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் சின்னக் கார் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அது கத்திரிக்காய் வாங்கப் போகத்தான் லாயக்கு என்று அவருடைய ஆபீசர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். மறுநாள் எர்ணாவூர் மைதானத்தில் கார்ப் போட்டி. காலி எண்ணெய் டிரம்களை நட்டு வைத்து, ஒவ்வொரு காராக அதில் வளைந்து வளைந்து போகவேண்டும். நேரம் குறிப்பார்கள். டிரம்மை இடித்தால் ஐந்து செகண்டு கூட்டுவார்கள். ஆபீசரும் ஓட்டுகிறார்.

சக்கரம் மட்டும் காரோடு வந்ததாகவே இருக்கவேண்டும் என்று சட்டம். அதில் மாட்டும் டயர் எந்த சைஸாகவும் இருக்கலாம். அவர் காருக்கு வந்தது ஐந்து இஞ்சு அகல டயர். முன்னால் இரண்டுக்கும் ஐந்தரை போட்டால் தரையை நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டார்.

பாய் என் பக்கம் திரும்பினார். "சவரி, அஞ்சா, அஞ்சரையா, நீயே சொல்லு. சரியா சொன்னா கார் பக்கம் ஒனக்குத்தான். தப்பா சொன்னா திங்கக்கெழம சம்மட்டிய எடுத்துக்கோ."

ரப்பர் அதிகம் என்றால் பிடிப்பும் அதிகம், இதிலென்ன யோசனை என்று நினைத்தேன். ஐந்தரையை மாட்டினேன். கார் ஜாக்கி மேல் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை திருப்பி, டயருக்கும் அதன் மேலே மூடியிருக்கும் மட்காடுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போனது. "இடிக்காது சார்" என்றேன்.

பழைய டயர்களைக் கடையில் விட நாயுடு சாருக்கு மனசில்லை. "இங்க உட்டா நாளைக்கு எவன் காலிலாவது செருப்பா நடந்துகினு போவும் நைனா" என்று சொல்லி, பின் சீட்டில் போட்டுக்கொண்டார். பாய்க்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

எர்ணாவூர் மைதானம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் மைதானத்துக்குப் போனேன். பம்பும் டயர் கழற்றும் லீவரும் கொண்டுபோயிருந்தேன். டயர் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க, அதன் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் மேலிருந்து கீழாக நாலைந்து கோடு போட்டேன். மடங்கித் தரையில் படுகிற இடம்வரை கோடு அழிந்துபோகும். இது லாரி பக்கம் கற்றது. பக்கத்துக் கார்க்காரர் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நாமம் போட்டுகினு கீற?" என்றார்.

போட்டியில் டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்காரவேண்டும் என்பதும் சட்டம். இது எனக்குத் தெரியாது. நாயுடு சார் தம் மச்சானை அழைத்து வந்திருந்தார். மச்சான் ஏறி உட்கார்ந்ததும் கார் இடது பக்கம் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது.

முதலில் ஒத்திகை ஓட்டம். நாயுடு சார் முதல் டிரம்மை வலது பக்கம் வளைத்தார். காரின் பாரமெல்லாம் இடது முன்சக்கரத்தில் இறங்கியது. கர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் நாற்றம். டயர் மட்காடில் மாட்டி ஸ்டியரிங் திரும்பவில்லை. இரண்டு டிரம் உருண்டு ஆபீசரின் காலடியில் போய் நின்றன. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி டிரம்முக்கு வணக்கம் வைத்தார். அதற்கு ஊரே சிரித்தது.

குனிந்து பார்த்தேன். சாக்குக் கோடு பாதிக்குமேல் அழிந்திருந்தது. ஒல்லியான ஆளுக்குத் தொளதொள சட்டை போட்டால் ஆள் முதலில் திரும்புவான், சட்டை பிறகு திரும்பும். அதேபோல இந்தக் குறுகிய சக்கரத்தில் அகல டயர் நிற்காமல் படுத்துவிட்டது. இடித்தது ஒரு தப்பு, படுத்தது இன்னொரு தப்பு. இரண்டும் நான் சொன்ன சைஸால் வந்தது.

"சார், பழைய அஞ்சையே மாட்டிடறேன்" என்றேன்.

நாயுடு சார் என்னைத் திட்டவில்லை. மச்சானைப் பார்த்து, "எறங்கி பம்படி" என்றார்.

நான் லீவரால் கழற்றி மாட்ட, மச்சான் பம்படித்தார். டயர் மடங்கக்கூடாது என்று வழக்கத்தைவிட ஆறு பவுண்டு காற்று கூட வைக்கச் சொன்னேன். இரண்டாவது டயர் முடியும்போது மச்சான் காரின் நிழலில் மல்லாந்து படுத்துவிட்டார். "என்ன உட்ரு மாமா. பொணமா வேணா ஏறி ஒக்காறேன்" என்றார். எங்கள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாயுடு சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது நான் சைக்கிள் டியூப் மாதிரி இருப்பேன்.

"ஏறு நைனா."

அதுவரை எத்தனையோ காருக்கு டயர் மாட்டியிருக்கிறேன். ஓடுகிற காரில் உட்கார்ந்தது அன்றுதான். அந்தோணியாரைக் கூப்பிட்டுக் கண்ணை மூடினேன். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்ததும், என் தலை நாயுடு சார் தோளில் இரண்டு தடவை மோதியதும்தான் தெரியும். கர் சத்தம் மட்டும் வரவில்லை. நின்றபிறகு திரும்பிப் பார்த்தேன். எல்லா டிரம்மும் நட்டபடியே இருந்தன.

நாலாவதாக வந்தோம். ஆபீசர் ஆறாவது. நாயுடு சாருக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்களுக்குப் பிறகு ஓட வந்த மூன்று கார்கள் எங்களைப் பார்த்து டயரில் சாக்குக் கோடு போட்டுக்கொண்டு வந்தன. எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.

லாரி பக்கம்

திங்கட்கிழமை கருகின டயரைப் பாய் முன்னால் வைத்து, ஜாக்கி மேல் நிற்கும்போது மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னது என் தப்பு என்றேன். நாயுடு சாரும் கூட வந்து எனக்காகப் பேசினார். பாய் டயரைத் தடவிப் பார்த்தார்.

"ஜாக்கி மேல நிக்கிற கார எவன்யா ஓட்டப் போறான்? ஒரு வாரம் பின்னாடி போ" என்றார்.

புதன்கிழமை உங்கள் தாத்தா மாப்பிள்ளை பார்க்கக் கடைக்கே வந்துவிட்டார். நான் வெயிலில் சம்மட்டியோடு நிற்கிறேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சம்மட்டியைக் கீழே வைத்தேன். முன்பக்கத்திலிருந்து பாய் குரல் கொடுத்தார்: "பெரியவரே, அவரு கார் ஆளுதான். லாரிக்காரனுங்க பேஜார் பண்றானுங்க, அதான் அனுப்பிகீறேன்." தாத்தா அதை நம்பினாரா என்று நான் கேட்டதில்லை. நீங்கள் மூன்று பேரும் இருக்கிறீர்களே, அதுவே போதும்.

நான் கற்றது இவ்வளவுதான். சக்கரம் தொங்கும்போது எல்லா டயரும் சேரும். பாரம் ஏறின பிறகு சேர்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மறு வாரம் முன்பக்கம் திரும்பினேன். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு காருக்கு, அதன் சொந்தக்காரர் கேட்டபடி, ஒரு சைஸ் பெரிய டயரை மாட்டி முடித்திருந்தேன். ஜாக்கி மேல் இரண்டு விரல் போனது. யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு ஜாக்கியை இறக்கினேன். டிரைவர் பக்கத்துச் சீட்டில் கோணியை விரித்தேன். பின்பக்கம் போய் லாரி வளையங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, நாயுடு சார் மச்சான் அளவுக்கு அதில் அடுக்கினேன். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, மண்டி போட்டு விரலை விட்டேன்.

ஒரு விரல்கூட முழுசாகப் போகவில்லை. வளையங்களை இறக்கிவிட்டு, மறுபடி ஜாக்கியை ஏற்றி நட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.