கண்ணாடி அலுமாரியில் ஒரு பன்யூல்ஸ்

கண்ணாடி அலுமாரியைத் திறந்தால் இன்னும் அந்த மணம் வருகிறது. காய்ந்த முந்திரிகைப்பழம், கருகத் தொடங்கிய சீனி, வெயிலில் கிடந்த பலகை. போத்தல் இப்போது வெறும் போத்தல்தான். மணத்துக்கு மட்டும் வீட்டைவிட்டுப் போக மனமில்லை.

போன கோடையில் பாரிஸிலிருந்து தம்பி வந்தான், தனியாக. அவன் மனைவி பிரெஞ்சுக்காரி. கலியாணமாகிப் பல வருடங்கள். அவளை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு போத்தல் வந்தது.

அவளுடைய ஊர் பிரான்ஸின் தெற்கில், கடலை நோக்கிச் சரியும் திராட்சைத் தோட்ட மலையில் இருக்கிறது. அங்கே முந்திரிகைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே மதுசாரம் விட்டு நடுவழியில் நிறுத்திவிடுவார்களாம். நிறுத்திய இடத்தில் இனிப்பும் நின்றுவிடும். பிறகு சிலவற்றைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வெளியே வைத்துவிடுவார்கள், வெயிலுக்கும் பனிக்கும் தின்னக் கொடுத்தபடி. அந்த வைனின் பெயர் பன்யூல்ஸ். கறுத்த சொக்லேற்றோடு குடிக்கவேண்டும் என்று சொக்லேற்றையும் சேர்த்து அனுப்பியிருந்தாள்.

வெளிநாட்டுப் போத்தலுக்கு எங்கள் வீடுகளில் செய்யும் மரியாதையை நாங்களும் செய்தோம். அலுமாரிக்குள் வைத்து லைற் போட்டோம். சொக்லேற்றை என் மனைவி வழக்கம்போலப் பங்குபிரித்து, சின்னச் சின்னப் பைகளில் பிக்கரிங்கிலும் பிறம்ரனிலும் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டாள்.

ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி நேரத்தில் தம்பியின் போன் அடிக்கும். மனைவியோடு பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசுவான். பேசும்போதே கண் அலுமாரிக்குப் போகும்.

"என்னடா கேக்கிறா?" என்றேன், பயணத்துக்கு முதல்நாள்.

"திறந்தாச்சோ எண்டு."

"ஓம் எண்டு சொல்லன்."

"சொன்னா, என்னத்தோட குடிச்சனியள் எண்டு அடுத்த கேள்வி வரும்." சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "தன்னைத்தான் அலுமாரிக்குள்ள வைச்சிருக்கினம் எண்டு நினைக்கிறா, அண்ணை. இண்டைக்கும் திறக்கேல்லையெண்டா இனிக் கேக்கமாட்டன் எண்டிட்டா."

அன்று பின்னேரமே திறந்தோம். போத்தல் திறந்தால் ஆட்டிறைச்சிப் பிரட்டல் மேசைக்கு வரவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வந்தது. ஒரு துண்டு, ஒரு மிடறு. உறைப்பும் இனிப்பும் தொண்டைக்குள் அடிபட்டன. காதுவரை எரிந்தது.

"ஐயோ, இருமல் மருந்துப் பாணி!" என்றாள் என் மனைவி. "உதையோ அவா பொத்திப்பொத்தி அனுப்பினவா?"

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "சொக்லேற்றோட எல்லோ குடிக்கவேணும், அண்ணி. அது எங்க?"

"அது பிறம்ரனில செமிச்சிருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளுக்கு ஏதோ எழுதத் தொடங்கினான், அழித்தான்.

மனைவிதான் எழும்பினாள். பிரட்டலை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டு, தமிழ்க் கடையில் வாங்கிய தொதலை எடுத்து வந்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள். ஒன்றை வாயில் போட்டாள். ஒரு மிடறு. கண்ணை மூடினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ." இன்னொரு மிடறு. "உது தொதலுக்கெண்டே செய்தது மாதிரியெல்லோ கிடக்கு!"

நானும் எடுத்தேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பு, சர்க்கரையின் கருமை, அதற்குள் வந்து நுழைந்த அந்த மலையின் வெயில். எது எங்கள் இனிப்பு, எது அவளுடையது என்று நாக்கால் பிரிக்க முடியவில்லை. நடுவழியில் நிறுத்திய ஒன்று கெட்டுப்போகாமல் இத்தனை காலம் காத்திருக்குமா? காத்திருந்திருக்கிறது. திறக்கத்தான் ஆளில்லை.

"போனை இஞ்ச தாரும்," என்றாள் மனைவி தம்பியிடம். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது அவளுக்கு. தம்பியின் மனைவியை வீடியோவில் கூப்பிட்டு, தொதல் தட்டைத் தூக்கிக் காட்டினாள், பிறகு கிளாஸை, பிறகு தன் கன்னத்தை உப்பிக் காட்டினாள். திரைக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு திரையில் இருந்தவள் மெல்ல ஏதோ கேட்டாள்.

"தொதலின்ர மணம் எப்பிடி எண்டு கேக்கிறா," என்றான் தம்பி.

அதற்கு மனைவியின் பதில் அடுத்தநாள் விமான நிலையத்தில்தான் வந்தது. தொதல் பார்சலை அவனுடைய பைக்குள் திணித்தாள். அவன் வரிசைக்குள் போய்விட்டான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"தம்பி, அடுத்த போத்தலை நீர் கொண்டு வரவேண்டாம். அவாவே கொண்டு வரட்டும்!"