‘டேக்’கைத் தாண்டாத வகுப்பு

ஜெராக்ஸ் கடை மாடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தியவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை அவர் மனைவியே மறந்துபோனாள். எல்லாருக்கும் அவர் டேக்கன் சார். படியேறும்போதே ‘டேக், டுக், டேக்கன்’ என்ற கோரஸ் காதைப் பிளக்கும். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் அதற்குத் தாளம் போடும்.

ஒரு மனிதன் ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு காலந்தள்ளிவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். மாத்திரை போட்டுக்கொள்வது டேக். பஸ் பிடிப்பது டேக். லீவு போடுவது, குளிப்பது, பரீட்சை எழுதுவது, பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் பொறுத்துக்கொள்வது எல்லாம் டேக். பின்னால் ஓர் ‘ஆஃப்’ ஒட்டிக்கொண்டால் விமானமே மேலே கிளம்பிவிடும். செருப்பைக் கழற்றுவதற்கும் அதே ஆஃப்தான். விமானத்தையும் செருப்பையும் இப்படிச் சமமாக நடத்திய மொழி வேறு உண்டா என்று கேட்பார். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

சித்தாந்தத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் வந்தது அவருடைய இன்னொரு வழக்கத்தால். பாடம் முடிந்ததும், “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்பார். கேட்டதோடு நிற்காமல் பதிலுக்கும் காத்திருப்பார். இப்படியொரு ஆசிரியரை வாழ்நாளில் பார்த்திராத மாணவர்கள் திகைத்துப்போய் உண்மையை உளறிவிடுவார்கள். ஒருவர் ‘இல்லை’ என்றாலும் பாடம் மறுபடி மாத்திரையிலிருந்து தொடங்கும். கிவ், கம், கோ முதலியவை வாசலில் செருப்போடு செருப்பாகக் காத்துக்கிடந்தன. படிப்பை முடித்துப் போனவர்களுக்கு எதையும் எடுத்துக்கொள்ளத் தெரிந்தது. வரவும் போகவும் கொடுக்கவும் தெரியவில்லை.

வகுப்பின் முதலாளி அவருடைய மனைவியின் தம்பி. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஒன்றின் மேல் ஒன்றாக மூலையில் அடுக்கப்பட்டுக் கூரையை நோக்கி வளர்ந்ததும் அவர் வாய் திறந்தார்.

“அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை இலவச வகுப்பு வைக்கிறோம். அதைப் பாத்துட்டு நாலு பேராவது சேரணும். இல்லேன்னா வேற ஆள் பேசி வச்சிருக்கேன்.”

“என்னைவிட நல்லாச் சொல்லிக்குடுப்பாரா?”

“டை கட்டியிருக்காரு, அத்தான்.”

டேக்கன் சார் தன் வெறும் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி தட்டை நங்கென்று வைத்தாள். “அந்த ஒரு கேள்வியை ஒரே ஒரு நாள் கேக்காம இருந்தா வாய் கோணிக்குமா? தலை நரைச்ச காலத்துல உங்களை எவன் வேலைக்கு வைப்பான்? என் கூடப்பொறந்தவனே வச்சிக்க மாட்டேங்கிறான்!”

கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்த மாடியறையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளெல்லாம் இறங்கி வந்தன. உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் ஜன்னலில் சாய்ந்து நின்றார்கள். டேக்கன் சார் அன்றுபோல் என்றும் நடத்தியதில்லை. டேக்கை மளமளவென்று முடித்தார். பலகையில் பெரிதாகக் ‘கிவ்’ என்று எழுதினார். வகுப்பு வரலாற்றில் முதல் முறை! வாசலில் நின்ற மைத்துனர் கைதட்டப் போனார்.

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்டது வாய்.

மைத்துனர் தட்டப்போன கையால் தலையைப் பிடித்துக்கொண்டார். தலைகள் எல்லாம் ஆடின. கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் உயர்ந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆசைப்பட்ட குழாய் ரிப்பேர்க்காரருடைய கை.

“எனக்குப் புரியலீங்க சார்.”

“எது புரியலை?”

“எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைங்கிறீங்களே. ஒரே ஸ்பானரை வச்சு எல்லா நட்டையும் திருகினா மரை போயிடாதா?”

அறை சிரித்தது. முன் வரிசை அம்மா திரும்பினார். “அண்ணே, சும்மா தலையாட்டுங்க. நாங்கல்லாம் புரிஞ்சா ஆட்டுறோம்?”

“புரியாததைப் புரிஞ்சுதுன்னு எப்படிம்மா சொல்றது?”

மைத்துனர் வாசலிலிருந்து ‘போங்க, மேல போங்க’ என்று கையை ஆட்டினார். டேக்கன் சார் அந்தக் கையைப் பார்த்தார். கடைசி வரிசையில் உயர்ந்தபடி நின்ற கையைப் பார்த்தார். டஸ்டரை எடுத்துக் ‘கிவ்’வை அழித்தார்.

“சரி. மாத்திரையிலேருந்து வருவோம்.”

மாத்திரை முடிவதற்குள் ஜன்னல்காரர்கள் நழுவினார்கள். பஸ் வரும்போது முன் வரிசை அம்மா அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார். விமானம் கிளம்பியபோது குழாய்க்காரர் மட்டும் மிச்சம்.

“இப்ப புரிஞ்சுதா?”

குழாய்க்காரர் தலைகுனிந்தார். “இல்லீங்க சார்.”

மைத்துனர் வந்து மின்விசிறியை அணைத்தார். “சாவியைக் குடுத்துடுங்க அத்தான். நாளையிலேருந்து புது சார் வருவாரு. அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

படியிறங்கும்போது குழாய்க்காரர் பின்னாலேயே வந்தார்.

“சார், இங்கயே சேந்துடலாம்னு இருக்கேன். புதுசா வர்ற சாரு இதை எனக்குப் புரியவைப்பாரா?”

டேக்கன் சார் படியில் நின்று திரும்பினார். “புரிஞ்சுதான்னு அவர் கேக்கவே மாட்டாருப்பா.”

“அப்பாடா!” குழாய்க்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “நீங்க கேக்கக் கேக்க எனக்கு மானமே போச்சு சார்.”

பெயர் கொடுக்க அவர் மறுபடி மேலே ஓடினார். டேக்கன் சார் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார். இந்நேரம் வீட்டுக்குச் செய்தி போயிருக்கும். மாடியில் மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது. ஒரு நாற்காலியை முன் வரிசைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.