வாசற்படியோரம் ஒரு புற்று

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டில் என் முதல் விரோதி நத்தை. வெண்டைக் கன்று இரண்டு இலை விட்டால் போதும், விடிவதற்குள் காம்புதான் மிச்சம். சாம்பல் தூவிப் பார்த்தேன். உப்பும் போட்டேன், நத்தை பிழைத்துக்கொண்டது, வெண்டைதான் செத்தது. "நீ தோட்டம் போடுறியா, நத்தைக்குப் பந்தி போடுறியா?" என்பார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு வீட்டின் வெளிப்புறம்தான் உயிர். ரயில்வே பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் தார் டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். எங்கள் வீடு இடுப்பளவு உயரத்தில் கட்டைக் கால்கள்மேல் நிற்கும். அந்தக் கால்களுக்குத் தார், சுவர்ப் பலகைக்குச் சுண்ணாம்பு, வாசற்படிக்குப் புதுப் பலகை. அதிலும் பாதி நேரம் வீட்டுக்கு அடியிலேயே கிடப்பார். "அங்க அப்படி என்னதாங்க பண்றீங்க?" என்று கேட்டால், "தார் பூசுறேன், நீ போய்ச் சோத்த ஆக்கு" என்று பதில் வரும்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எனக்குப் பிள்ளையில்லை. யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள்; வளைகாப்பு வீட்டில் வளையல் தட்டு என்னைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். அது போதாதா? அவரோ அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். நான் எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, படியோரம் ஒரு புற்று முளைத்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, நாகம்மா தானா வந்து வாசல்ல உக்காந்திருக்கா. ஒனக்காகத்தான் லா வந்திருக்கா. வெள்ளிக்கிழமை தவறாம பால் ஊத்து. மடி நெறையும் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று மாலையே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைத்தேன். வேலை முடிந்து வந்தவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பாம்பும் இல்ல, அம்மாவும் இல்ல. இது கறையான் கட்டினது. மண்ணெண்ணெய ஊத்தி வெட்டிப் போட்டுர்றேன்."

"தொட்டீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று குறுக்கே நின்றேன்.

"வீடே இருக்காது புள்ள!"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வெள்ளிதோறும் பால் ஊற்றினேன், புற்றும் வளர்ந்தது. படியிலும் சுவரிலும் மண் கோடுகள் ஏறின. அவர் சுரண்டித் தார் பூசுவார், கறையான் வேறு பக்கமாய்ச் சுற்றி ஏறும். அவர் வாய்க்குள் முனகுவதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். பிள்ளைக்கு எங்கே போவது?

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, பால் சொம்போடு இறங்கினேன். அவர் புதிதாய் வைத்த படிப்பலகை மடக்கென்று உள்வாங்கியது. நான் ஒரு பக்கம், சொம்பு ஒரு பக்கம். ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தவர், படி இப்படியென்றால் அடியில் என்ன கதியோ என்று பதறிக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனார். கடைசியில் கோணிச் சாக்கு சுற்றிய எதையோ இழுத்துக்கொண்டு வந்தார்.

"நீ உள்ள போ" என்றார்.

நானா போவேன்? சாக்கைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளே ஒரு தொட்டில். தலைமாட்டில் இரண்டு கிளிகள் செதுக்கியிருந்தன. ஒரு கிளியைத் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. அவர் தூக்கப் பார்த்தார். அடிப்பலகை அப்படியே கழன்று மண்ணோடு மண்ணாய்க் கொட்டியது.

"பெட்டிப் பலகைதான். கொஞ்சங் கொஞ்சமா செஞ்சேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "பொறக்குறதுக்கு முன்னாடி தொட்டில் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல? அதான் அடியில வெச்சேன்."

"பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்துகொண்டு வந்தன. "கட்டைக்கெல்லாம் பூசுனீங்களே, இதுக்கும் கொஞ்சம் தார் பூசியிருக்கலாம்ல?"

"புள்ள படுக்குறதுக்கு யாராவது தார் பூசுவாங்களா?" என்றார்.

இத்தனை வருஷமும் அந்த ஏக்கம் என் ஒருத்திக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, புற்றைத் தொட்டுக் கும்பிட்டேன். மண்வெட்டியை நானே எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"வெட்டிடுங்க."

வாங்கிக்கொண்டு புற்றின் முன்னால் போய் நின்றார். ஓங்குவார் என்று பார்த்தேன். ஓங்கவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த சொம்பை எடுத்தார். உள்ளே ஒரு மடக்குப் பால் மிச்சமிருந்தது.

"இருக்கட்டும் புள்ள" என்றார். "ஒருவேள அந்த அக்கா சொன்னது மெய்யா இருந்தா?"

அந்தப் பாலை அவரே ஊற்றினார்.