புது லைனிங்கின் புகை

எங்கள் பஸ் டெப்போவில் என் அக்கா புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேலாளர் முதல் டீ ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ‘பிரேக்கு’தான். எனக்கு மட்டும் மாமா. நான் பஸ் ஓட்டுகிறவன், அவர் பிரேக் பார்க்கிற மெக்கானிக். அவர் கை வைத்த வண்டி என்றால் எந்த இறக்கத்திலும் நிம்மதியாக இறங்குவேன். வாயைத் திறந்தால்தான் வம்பு. உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பிரேக்கில் கொண்டுவந்து நிறுத்துவார்.

பிரேக் கட்டையில் தேய்கிற லைனிங்கைப் புதுசாக மாற்றிய வண்டியில் முதல் ஓட்டத்தில் தீய்ந்த வாடை வரும், சக்கரம் லேசாகப் புகையும். புது டிரைவர்கள் பதறிப்போய் அவருக்குப் போன் போடுவார்கள். “புது லைனிங் அப்படித்தான் புகையும். ஓட்டு, அடங்கிடும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சு பொய்யானதில்லை. அதுதான் எங்கள் கெட்ட காலம்.

அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது குடிப்பாரா என்றுதான். சொட்டு தொடாத மனிதர். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது, ஓங்கி ஒன்று விடலாமா என்றுகூடத் தோன்றியது. மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று சின்ன வயதிலிருந்தே அவர் ரத்தத்தில் குடியிருந்திருக்கிறது. சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. கட்டி இருந்த இடமும் பரவியிருந்த விதமும் அறுத்தெடுக்கத் தோதாக இல்லை.

டாக்டரம்மா பொறுமைசாலி. எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார். சாப்பிடுவதெல்லாம் குடலிலிருந்து ஈரல் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறதாம். வருகிற ஒவ்வொன்றோடும் சண்டைக்குப் போனால் ஈரல் பிழைக்காது என்பதால், அங்கிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் கொஞ்சம் அனுசரித்துப் போகப் பழகியவையாம். போதாததற்கு அந்தக் கிருமியோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டி ஓய்ந்துபோயிருக்கின்றன. கட்டிக்கு அது வசதியாகிவிட்டது.

“கட்டி அந்த அணுக்களோட பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கு. நாங்க ஏத்தப்போற மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கும்” என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை நாள் செத்துக்கிடந்த முகத்தில் வெளிச்சம். டாக்டரம்மா நிறுத்தவில்லை. பிரேக் விட்ட அணுக்கள் கட்டியோடு நிற்காமல் தோல், குடல், நல்ல ஈரல் என்று எதன்மேலும் பாயலாம், அரிப்போ வயிற்றுப்போக்கோ எது வந்தாலும் அன்றைக்கே போன் பண்ணுங்கள் என்று அழுத்திச் சொன்னார். மாமாவும் தலையை ஆட்டினார். ஆட்டியது தலை மட்டும்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கே பிரேக் பாடம் நடத்திக்கொண்டு வந்தார்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபின் அரிப்பு ஆரம்பித்திருக்கிறது, பின்னாலேயே வயிற்றுப்போக்கு. அக்கா போன் பண்ணலாம் என்று எழுந்திருக்கிறாள். புது லைனிங் புகையாமல் இருக்குமா, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அடங்கிவிடும் என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறார். டெப்போவே நம்புகிற வார்த்தையை அக்கா நம்பாமல் இருப்பாளா? ராத்திரி பகலாக முதுகு சொறிந்துவிட்டிருக்கிறாள். நான் போன் பண்ணும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து நன்றாக இருக்கிறோம் என்றார்கள்.

லீவு நாளில் நேரில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் மஞ்சள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவருடைய சொந்த அணுக்களே அவருடைய ஈரலைக் கடித்துக் குதறியிருந்தன. அவற்றை அடக்க ஸ்டீராய்டை ஏற்றினார்கள். விட்ட பிரேக்கைத் திரும்பப் பிடிக்கிற வேலை. படுக்கைப் பக்கத்தில் நின்றுகொண்டு தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள்.

கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

அக்கா கைகூப்பிவிட்டாள். அடுத்த மருந்து எப்போது என்று அவள் கேட்டபோது டாக்டரம்மா அவளைப் பார்க்காமல் ஸ்கேனைப் பார்த்தார். இனி அந்த மருந்தைக் கொடுக்க முடியாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் உயிர் தங்காது என்றார். வேறு மாத்திரை இருக்கிறதாம், ஆனால் அதைத் தாங்குகிற அளவுக்கு ஈரல் தேற வேண்டுமாம்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். “முதல்ல அரிச்சப்பவே சொல்லியிருந்தா?”

“நிறுத்தி வச்சு, சரியானதும் திரும்ப ஆரம்பிச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா.

அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் இரக்கப்பட்டுச் சேர்த்தாரோ, நிஜமாகவே சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யார்மேல் கோபப்படுவது? பிரேக் என்று சொன்ன டாக்டர்மேலா, சொறிந்துவிட்ட அக்காமேலா, எலும்பும் தோலுமாகக் கிடக்கிற மனிதர்மேலா? கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது வீட்டில் இருக்கிறார். ஈரல் தேறவில்லை. கட்டி திரும்ப வளர ஆரம்பித்துவிட்டது. பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது, பிரேக் என்ற வார்த்தையே அவர் வாயில் வருவதில்லை. டெப்போவில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

போன வாரம் என் வண்டிக்கு அந்த ஆள்தான் லைனிங் மாற்றினார். முதல் ஓட்டத்திலேயே தீய்ந்த வாடை. அது என்ன வாடை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றதும் மாமாவுக்குப் போன் போட்டேன். பழைய மாதிரி ‘ஓட்டு’ என்று அவர் அதட்டுவதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

“புகையுதா?” என்றார்.

“லேசா.”

“ஓட்டாத மாப்ள. எல்லாரையும் இறக்கிட்டுப் பாரு.”

வேலைக்குப் போகிற ஜனம். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். போனைக் காதில் வைத்தபடி குனிந்து சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“ஒண்ணுமில்ல மாமா. புது லைனிங்தான்.”

அவர் சொன்னார்.

“ஒண்ணுமில்லன்னாலும் கேட்டுட்ட பாரு. அது போதும்.”