மஞ்சள் விளக்கு

என் அக்கா புருஷனை நான் ஒரே ஒருமுறை அடித்திருக்கிறேன். நாங்கள் இருவரும் வேலை பார்த்த கார் பட்டறையின் பின்பக்கத்தில், கை கழுவுகிற இடத்தில். கன்னத்தில் இரண்டு, நெஞ்சில் ஒன்று. அதே நிலைமை மறுபடி வந்தாலும் அடிப்பேன்.

மாமா அங்கே டெஸ்ட் டிரைவர். சாதாரண வண்டிகள் அந்தப் பட்டறைக்குள் வராது. தரையை ஒட்டி ஊர்ந்து போகிற, இரண்டே பேர் உட்காருகிற, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிற கார்கள்தான். பழுது பார்த்து முடித்ததும் மலைச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு அவர் தலையாட்டினால்தான் வண்டி சொந்தக்காரர் கைக்குப் போகும். எந்தக் கோளாறும் காதுக்கு முன்னால், சீட்டில் பதிந்த அவருடைய பின்புறத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் பட்டறையில் அவருக்கு 'சீட்டு' என்று பெயர். மூளையும் அங்கேதான் இருக்கிறது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். எனக்கு டிங்கரிங் வேலை, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவது.

அவர் பழகிய பழைய வண்டிகள் முரட்டு ஜென்மங்கள். வளைவில் கொஞ்சம் அசந்தால் ஸ்டீயரிங் திருப்பி அடிக்கும். அப்படி அடித்ததில் அவர் வலது கட்டைவிரல் இருமுறை உடைந்தது. ஒருமுறை வண்டியோடு பள்ளத்தில் உருண்டதில் விலா எலும்பு மூன்று போயிற்று. கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதும் மனிதர் முகத்தில் அப்படியொரு பெருமை. "நான் தப்பு பண்ணேன், அடிச்சுது. நியாயமான வண்டி மாப்ள" என்றார். அக்கா கையிலிருந்த டம்ளரை அவர் மேல் விட்டெறிந்தாள்.

புது வண்டிகள் வந்தபின் அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. வண்டி வழுக்கப் போனால், எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் நேராகுமோ அதை மட்டும் தானே பிரேக் போட்டுப் பிடிக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் தனக்குச் சரியென்று பட்ட அளவுக்குத்தான் கேட்கிறது. ஸ்டீயரிங்கின் கனம்கூட ஒரு மோட்டார் தருவது, உறுமலில் பாதி ஸ்பீக்கரில் வருவது. ஒருநாள் ஒரு வண்டி ஸ்டீயரிங்கைத் தானாகத் திருப்பித் தன்னைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மாமா பட்டறைக்கு வந்து இறங்கி, அதன் கதவை ஓங்கி உதைத்தார். தன் கையைப் பிடித்து இழுக்க அது யார் என்று கேட்டார். அந்த ஒடுக்கை முதலாளி பார்ப்பதற்குள் நான்தான் எடுத்தேன்.

கம்ப்யூட்டர் தாங்கிப் பிடிக்கும்வரை வண்டியின் நோய் வெளியே தெரியாது என்பார். அது உண்மையும்கூட. ஆகவே மலைச்சாலைக்கு வந்ததும் ஒரு பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து அந்த உதவிகளை அணைத்துவிடுவார். மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பட்டறைக்கு வந்து எஞ்சினை நிறுத்தினால் போதும், அடுத்தமுறை கிளப்பும்போது எல்லாம் தானே திரும்பி வந்துவிடும். எஞ்சினை நிறுத்தாமல் வண்டி கைமாறக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை, தன் புது வண்டியைப் பழுதுக்கு விட்டிருந்த ஒரு பல் டாக்டர் விஷயத்தில் அவரே மீறினார். டாக்டருக்குத் தன் ஓட்டும் திறமைமேல் அபார நம்பிக்கை. போன வாரம் கொட்டுகிற மழையில் மலைவளைவை நூற்று நாற்பதில் எடுத்ததாகப் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவைக் காட்டி, இந்தக் கிழவர் ஓட்டினால் வண்டி தூங்கிவிடும் என்றார். மாமா டெஸ்ட் முடித்து வந்தபோது டாக்டர் வாசலிலேயே வழிமறித்து, கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, நேரமாகிறது இறங்கு என்றார். மாமா இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடத்தில் போன் வந்தது. இழுவை வண்டியோடு நானும் போனேன். அதே வளைவு. கார் பக்கவாட்டில் கான்கிரீட் சுவரில் மோதிக் கதவு உள்ளே மடிந்திருந்தது. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் டாக்டரின் வலது கை. தகரத்தை அறுக்கும்போது நெருப்புப் பொறி அவர் முகத்தில் விழாமல் நான் துணி பிடித்தேன். கத்தினார், மயங்கினார், விழித்து மறுபடி கத்தினார். கை வெளியே வந்தபோது இரண்டு விரல் தோலில் தொங்கின. ரத்தம் என் செருப்புக்குள் புகுந்து கால் வழுக்கியது. மீட்டரைப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியபோது மாமா பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். விளக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன். ஓட்டறது யாருன்னு அவனுக்குத் தெரியட்டும்னு விட்டேன்."

அப்போதுதான் அடித்தேன். "நீ மனுஷனாய்யா?" என்றேன். அவரை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல்முறை. அவர் திருப்பி அடிக்கவில்லை.

டாக்டர் பிழைத்துக்கொண்டார். விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இனி யார் வாயிலும் கருவி பிடிக்க முடியாது. ஆனால் வேகத்தைத் தானே தப்பாகக் கணித்துவிட்டதாக முதலாளியிடம் சொன்னார். யாருக்கும் மாமாமேல் சந்தேகமில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம் என்று அக்கா அழுதாள். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று நானும் சொன்னேன். அடித்த கை ஆறுவதற்குள் அப்படிச் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நாலாம் நாள் மாமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். தடுக்கப் பின்னாலேயே போனேன். கட்டிலருகே நின்று, பட்டன், விளக்கு, தான் வாய் திறக்காதது எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். "அப்ப போன வாரம்? மழையில?"

"அது வண்டி ஓட்டினது சார்."

பக்கத்து மேஜையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இருந்தது. டாக்டர் அதை இடது கையால் எடுத்து மாமாவின் வாயில் அடித்தார். மறுபடியும் அடித்தார். முன்பல் இரண்டு தரையில் விழுந்தன. நான் பாய்ந்தேன். ரத்தம் ஒழுகுகிற வாயோடு மாமா என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றாவது அடிக்காக இன்னும் கிட்டே போனார்.

மூன்றாவது விழவில்லை. விரல் போனதற்கு அழாத மனிதர், பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அப்ப நான் ஓட்டவே இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

போலீசிடமும் மாமாவே போய்ச் சொன்னார். லைசென்ஸ் போயிற்று. எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இப்போது வேறொரு பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒடுக்கு எடுக்கிறார். பல் கட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. பல்லை உடைத்தது யார் என்று புது ஆட்கள் கேட்பார்கள். பல் டாக்டர் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.